குல்லா இல்லாமல் ஐம்பத்தாறரை

மே 24, சனி. மழை: இல்லை

பெனிட்டாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. மேல் எஸ்டேட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. ஜூன் ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வால்பாறையிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். அங்கே போக முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான். அதனால் ஸ்கூட்டரில் போகப்போகிறாளாம்.

ஜூனில், தென்மேற்குப் பருவமழையில், அந்த ரோட்டில். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

நான் எஸ்டேட் ஆபீசில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவள். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியை அளந்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. ரிட்டையர் ஆனபோது சால்வையோடு பழைய மழைமானியையும் கொடுத்தார்கள். அது கொல்லையில் நிற்கிறது, இன்றைக்கும் எட்டு மணிக்கு அளக்கிறேன். இந்த ஊர் மழையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெனிட்டாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி போ. ஆனா ஹெல்மெட்டு, ரெயின்கோட்டு எல்லாம் நான்தான் பாத்து வாங்குவேன்" என்றேன்.

"போன தடவையும் நீங்கதானே வாங்கினீங்க. வாங்கி என்ன, மாட்டணுமில்லைங்களா" என்றாள்.

மாட்டாதது ரூபன். என் மகன், அவள் புருஷன். போன ஜூலை பத்தொன்பதாம் தேதி பொள்ளாச்சி ரோட்டில் பதினேழாவது வளைவில், மழையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட் அவனை விட்டு இருபதடி தள்ளிக் கிடந்தது. க்ளிப் மாட்டாமல் ஓட்டியிருக்கிறான் என்று ஊரே சொன்னது.

மே 26, திங்கள். மழை: 4 மி.மீ.

தையல் டேப்பால் பெனிட்டாவின் தலையை அளந்தேன். கம்பளிக் குல்லாவைக் கழற்றச் சொன்னேன். க்ளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, கொண்டையையும் அவிழ்க்கச் சொன்னேன். புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டு, பின்மண்டை மேட்டைச் சுற்றி, சென்டிமீட்டரில். ஐம்பத்தாறரை. இன்னொரு தடவை அளந்தேன். அப்போதும் ஐம்பத்தாறரை.

மூன்றாவது தடவைக்கு அவள் பொறுமை போய்விட்டது. "என்னங்க அத்தை, தலைக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?"

சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் சிரித்து நாளாகிவிட்டது. சிரித்துவிட்டு நான்காவது தடவையும் அளந்தேன்.

மே 29, வியாழன். மழை: 31

தேவையானவை: முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட். கண்ணாடி வெள்ளையாக இருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி பனியில் உதவாது. பேன்ட் தனி, கோட் தனியாக உள்ள ரெயின்கோட். நல்ல நிறம், தூரத்திலிருந்து தெரிவது. ரப்பர் கையுறை. கணுக்கால் வரை பூட்ஸ்.

கேட்டதற்குப் பெனிட்டா, "எல்லாரும் ப்ளாஸ்டிக் கவரைத் தலையில மாட்டிக்கிட்டுப் போறாங்க" என்றாள். எல்லோரும் போகட்டும்.

மே 31, சனி. மழை: 22

பொள்ளாச்சிக்குப் போய் வந்தோம். உடம்பெல்லாம் வலி, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பஸ் பதினேழாவது வளைவில் திரும்பும்போது நான் பைக்குள் எதையோ தேடினேன். பெனிட்டா மலைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளைவு தாண்டியதும் தனக்குத்தானே பேசுவதைப் போல, "ஒரே ஒரு க்ளிப்பு" என்றாள். பத்து மாசமாக இதைத்தான் சொல்கிறாள். ரூபனைப் பெட்டியில் வைத்திருந்தபோதும் இதையே சொல்லித் திட்டினாள். அவன் போட்டோவைக் கூடத்தில் மாட்ட விடவில்லை. அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹெல்மெட் கடை உண்டு. அங்கே போகவில்லை. கூட்டமாக இருந்தது. "ஒருத்தரையும் காணோமே அத்தை" என்றாள் பெனிட்டா. நான் கேட்காத மாதிரி நடந்தேன். மார்க்கெட் ரோட்டில் சம்சுதீன் என்பவர் கடைக்குப் போனோம்.

அவர் பெனிட்டாவின் தலையைப் பார்த்தார். குல்லா போட்டிருந்தாள். அளக்காமலே ஓர் 'எல்' சைஸை எடுத்து நீட்டினார்.

"குல்லாவைக் கழட்டிட்டுப் போடு" என்றேன்.

"மேல குளிருங்களே, குல்லா போட்டுட்டுத்தானே ஓட்டப் போறேன்."

சம்சுதீனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "மலைக்காரங்க எல்லாரும் குல்லாவோடதான் போட்டுப் பாத்து வாங்குறாங்கம்மா. நானும் அப்படித்தான் குடுக்கறேன்."

"குடுப்பீங்க. குல்லா நனைஞ்சா என்ன பண்றது? கழுத்து வழியா தண்ணி ஏறி, கம்பளி கனத்து, ஒரே வாரத்துல தூக்கி எறிஞ்சுட்டுத்தான் ஓட்டணும். அப்போ இது தலையில நிக்குமா, தொங்குமா?"

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. கடைப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். சம்சுதீன் 'எம்' எடுத்தார்.

குல்லா இல்லாமல் போட்டாள். கன்னம் இரண்டும் உப்பி, வாயில் உருண்டையை அடக்கிய குழந்தையைப் போல இருந்தாள். க்ளிப்பை மாட்டச் சொன்னேன். தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர்ந்தது, அப்படித்தான் நகர வேண்டும். பிறகு பின்னால் போய், ஹெல்மெட்டின் அடிவிளிம்பில் கை வைத்து மேலே, முன்னால் தள்ளினேன். அசையவில்லை.

"இப்படித் தள்ளிப் பாக்கணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றார் சம்சுதீன்.

பேத்திகள் எல்லாம் போனில் பார்க்கும் வீடியோவில் வந்தது என்றேன். எனக்குப் பேத்தி இல்லை. பெனிட்டா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ரெயின்கோட் ஆரஞ்சு நிறம். போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்ளும் கோட்டைத்தான் அவள் எடுத்தாள், புடவைக்கு வசதியாம். காற்றில் தூக்கிச் சக்கரத்தில் மாட்டினால் தெரியும் வசதி. பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு. மழை: 40

கோயிலிலிருந்து வந்ததும் ரெயின்கோட் பேன்ட்டை நாலு விரற்கடை மடித்து மெஷினில் தைத்தேன். பெனிட்டா குள்ளம்.

ஜூன் 2, திங்கள். மழை: 52

முட்டாள் நான். பேன்ட்டைக் குளியலறையில் தொங்கவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால், தைத்த இடமெல்லாம் வரிசையாகச் சொட்டுகிறது. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு. நல்லது செய்கிறேன் என்று நானே உட்கார்ந்து ஓட்டை போட்டிருக்கிறேன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பசை வாங்கி வந்து உள்பக்கம் பூசினேன். வீடெல்லாம் நாற்றம்.

ஜூன் 4, புதன். மழை: 61

பள்ளி மைதானத்தில் பழகினாள். நர்சிங் படித்தபோது ஓட்டியதுதான், ஆனாலும் கை மறக்கவில்லை. ஈரத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே, இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடி என்று மழையில் குடையோடு நின்று கத்தினேன். மூச்சு பட்டுக் கண்ணாடி உள்ளே மங்கிவிடுகிறது. ஷாம்பூவைத் தடவித் துடைத்ததும் தெளிந்தது. கண்ணாடியை ஒரு விரல் திறந்துவைத்தும் ஓட்டிப் பார்த்தாள்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் சிவப்புக் கோடு. "தலை வலிக்குதுங்க அத்தை. ரொம்ப இறுக்கம்."

"ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் முன்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்து வெறும் காபி குடித்தேன்.

ஜூன் 5, வியாழன். மழை: 47

பெனிட்டா சான்றிதழ் நகல் கொடுக்கப் பொள்ளாச்சி போயிருக்கிறாள். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நகலுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை?

ஜூன் 6, வெள்ளி. மழை: 73

காலையில் தூசி தட்டும்போது ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே லேபிளில் 'எல்'.

"மாத்திட்டேன்" என்றாள் பெனிட்டா. சமையலறை வாசலில் நின்று சாதாரணமாகத்தான் சொன்னாள். "சம்சுதீன் அண்ணன் ஒண்ணும் சொல்லலை. அது தலையை நசுக்குதுங்க அத்தை. நான் பிரசவம் பாக்கப் போறவ, தலைவலியோட எப்படிங்க நிக்கறது?"

"குல்லா இல்லாம போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினாள். தலையைத் திருப்பினால் தலை முதலில் திரும்புகிறது, ஹெல்மெட் கொஞ்சம் கழித்துத் திரும்புகிறது.

"ஆடுது" என்றேன்.

"கொஞ்சம் ஆடுது. குல்லா போட்டா சரியாயிடும். க்ளிப்பு மாட்டினா எங்க போயிடும்? உங்க மகன் மாதிரி நான் மாட்டாம போக மாட்டேன், பயப்படாதீங்க."

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். இட்லி ஆறுகிறது, வந்து சாப்பிடு என்றேன்.

மதியம் ஹெல்மெட்டுக்குள் வைக்கப் பஞ்சுத் துண்டு வெட்டிக் கொடுத்தேன், நழுவி விழுந்தது. ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தேன். சாயங்காலம் உலைக்கு அரிசி எடுத்தவள் சாவியைத் தூக்கிக் காட்டி, "இதையும் சேத்துப் பொங்கணுமா?" என்று கேட்டாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான்.

ஜூன் 7, சனி. மழை: 88

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டில்கூட நான் இதை எழுதாமல் ஏமாற்றி வந்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு மழைமானியை அளந்தேன். எண்பத்தெட்டு. உள்ளே வந்து ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய சூட்கேஸுக்குப் பின்னால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த வெள்ளைப் பை இருந்தது. கொடுத்த அன்றைக்கு ஒரு தடவை பிரித்ததோடு சரி. பெனிட்டாவைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரச் சொல்லி, பையை அவள் மடியில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். ரூபனுடைய ஹெல்மெட். ஒரு பக்கம் சிராய்ப்பு, கண்ணாடி இல்லை. வார் இரண்டும் கீழே தொங்கவில்லை. ஒன்றோடொன்று பூட்டி, ஒரு வளையமாக இருந்தன.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. க்ளிப்பைத் தொட்டாள். திறக்கப் பார்த்தாள், துருப்பிடித்திருந்தது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். திறக்கவே இல்லை.

"மாட்டித்தான் இருந்தாரு" என்றாள்.

"ஆமா."

"மாட்டியிருந்தா எப்படிங்க கழண்டுது?"

"பெருசு. தலைக்குப் பெருசு. பூட்டினபடியே கழண்டு வந்துடுச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அது அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கியது. ஜனவரிக் குளிரில் அவன் குல்லாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தெரியக் கூடாது என்று பின்னாலிருந்து டேப்பை வைத்துக் குல்லாவோடு சேர்த்து அளந்தேன். அறுபத்திரண்டு வந்தது. அந்த பஸ் ஸ்டாண்ட் கடையில் போய் அறுபத்திரண்டு என்றேன், கொடுத்தார்கள். ஜனவரியிலிருந்து மே வரை குல்லாவோடு கச்சிதமாக இருந்தது. ஜூனில் மழை பிடித்ததும் குல்லா நனைகிறது என்று விட்டுவிட்டான். அப்புறம்தான் ஹெல்மெட் ஆட ஆரம்பித்தது.

"உங்ககிட்ட சொன்னாரா?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் பத்து மாசமும் பயந்துகொண்டிருந்தேன்.

"மூணு தடவை சொன்னான். 'ஆடுதும்மா, மாத்திக் குடு'ன்னு. பழகிடும், உள்ள கைக்குட்டையைக் கட்டிக்கோன்னேன். பொள்ளாச்சிக்குப் போய் வர சோம்பல்பட்டேன். முதுகுவலின்னு சொல்லிக்கிட்டேன். மூணாவது தடவை சொன்னது ஜூலை பதினாறு."

பெனிட்டா க்ளிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரைப் பெட்டியில வச்சு, பொறுப்பில்லாதவனேன்னு கத்தினேன்" என்றாள். "நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"எங்கப்பா கல்லறையில அத்தனை பேர் முன்னால சொன்னாரு, திமிருல செத்துட்டான்னு. அப்பவும் நின்னீங்க."

"அப்பவும்தான்."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"நீ 'எல்' வாங்கிட்டு வந்துட்டே. வேற எப்படிச் சொன்னாலும் நீ கேக்க மாட்டே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ரூபனுடைய ஹெல்மெட்டைப் பையில் வைத்து, பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மதியமும் சாப்பிட வரவில்லை.

என் மகனை நான் ஒரு தடவை சாகடித்தேன். அப்புறம் அவன் பேரையும் கெடவிட்டேன். இரண்டாவதை வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு. மழை: 95

விடிந்து பார்த்தால் பெனிட்டா இல்லை. 'எல்' ஹெல்மெட்டும் இல்லை, வெள்ளைப் பையும் இல்லை. ஸ்கூட்டர் நிற்கிறது. ஆறு மணி பொள்ளாச்சி பஸ்ஸில் போயிருக்க வேண்டும். ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை.

பீரோவைத் திறந்து பார்த்தேன், புடவைகள் இருந்தன. அது ஒன்றும் உத்தரவாதம் இல்லை.

கோயிலுக்குப் போகவில்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வேறு வேலை இல்லாமல் ரெயின்கோட் பேன்ட்டை மறுபடி வாளித் தண்ணீரில் சோதித்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. யாருக்காக?

பகல் ஒரு மணிக்கு ஆனைமலையிலிருந்து சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தியம்மாங்களா? பெனிட்டா வந்துச்சுங்க. மாப்பிள்ளையோட ஹெல்மெட்டைக் கொண்டாந்து என்ற முன்னால வச்சுது. க்ளிப்பை நானே திறக்கப் பாத்தேன், முடியலீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்லறையில வச்சு அந்தப் பேச்சைப் பேசியிருக்கப்படாதுங்க. என்ற வாயில மண்ணைத்தான் போடணும். கடைக்காரன் தப்பான சைஸைக் குடுத்துட்டானாமா? பெனிட்டா சொல்லுச்சு."

கடைக்காரன். என்னைச் சொல்லவில்லை அவள். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போனவள், அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து மாசம் சும்மா இருந்தவளுக்கு அது பெரிய காரியமா?

"கடைக்காரர் மேல தப்பு இல்லைங்க" என்றேன். "அளவு எடுத்தது நான். குல்லாவோட அளந்துட்டேன். ஆடுதுன்னு ரூபன் சொல்லியும் மாத்தித் தரலை. எல்லாம் தெரிஞ்சும் நீங்க பேசினப்ப வாயை மூடிட்டு நின்னேன்."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலரைக்குக் கதவு தட்டும் சத்தம். பெனிட்டா தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றாள். கையில் ஹெல்மெட். மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். திருப்பிப் பார்த்தேன், லேபிளில் 'எம்'.

சற்று நேரத்தில் கூடத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. நான் சமையலறையை விட்டு வரவில்லை. சத்தம் நின்று, அவள் அறைக்குப் போன பிறகு வந்து பார்த்தேன். ரூபன் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நேராக்கலாமா என்று நினைத்தேன். அது அவள் மாட்டியது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள். மழை: அளக்கவில்லை

ஆறு மணிக்கே எழுந்து இட்லி கட்டினேன். தனி டப்பாவில் சட்னி. பெனிட்டா யூனிஃபார்ம் போட்டு, மேலே ஆரஞ்சு ரெயின்கோட் போட்டு, பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே இழுத்துவிட்டாள், உள்ளே விட்டால் தண்ணீர் இறங்கும். நான் சொல்லித்தரவே இல்லை. கையுறை, ஷாம்பூ தடவிய கண்ணாடி, எல்லாம் தயார். சனிக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இனிப் பேசுவாளா என்றும் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

வெளியே மழை கூரையைப் பிய்த்தது. குல்லாவைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். ஹெல்மெட்டை மாட்டி, க்ளிப்பைப் பூட்டினாள். டப் என்று கேட்டது.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். எனக்கு நேராக நின்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே ரூபன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாடையைத் தூக்கிக் காட்டினாள்.

வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டேன். இரண்டு விரல்தான் போயிற்று. அவளைத் திருப்பி நிறுத்தி, பின்விளிம்பில் கையை வைத்து முன்னால் தள்ளினேன். பலமாகத் தள்ளினேன். அவள்தான் ஓரடி முன்னால் போனாள், ஹெல்மெட் அசையவில்லை.

"ஆடலை" என்றேன்.

தலையசைத்துவிட்டுப் போனாள். ஏழு மணி ஐந்து நிமிஷம். ஆரஞ்சு நிறம் சர்ச் திருப்பம் வரை தெரிந்தது.

எட்டு மணிக்கு நான் கொல்லைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு அடித்தது.

"சேந்துட்டேன்" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. மழையும், யாரோ குழந்தை அழுவதும் கேட்டன. "நாளைக்கும் தள்ளிப் பாத்து அனுப்புங்க" என்றாள்.